பத்து அம்பு, ஒரு பர்லாங்

பத்து அம்பும் கைமாறினால் ஒரு பர்லாங். 1976-ல் தஞ்சாவூர்ப் பக்கம் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்தபோது நான் படித்த முதல் கணக்கு இதுதான். அம்பு என்றதும் வில்லைத் தேட வேண்டாம். ஒரு முனை கூராகவும் மறுமுனை வளையமாகவும் உள்ள முழ நீள இரும்புக் கம்பி அது. சங்கிலியின் முன்பிடியை இழுத்துக்கொண்டு போகிறவர் கையில் பத்து அம்பு இருக்கும். சங்கிலி விறைத்து நிற்கும் இடத்தில் ஒன்றைக் குத்திவிட்டு அவர் நகர்வார். பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொள்வார். பத்தும் பின்னவர் கைக்கு வந்ததும் இருவரும் நிற்பார்கள். அம்புகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பார்கள். நான் புத்தகத்தில் ஒரு கோடு கிழிப்பேன். செயின்மேன்கள் பீடி பற்றவைப்பதும் அந்த நேரத்தில்தான். ஒரு பர்லாங்குக்கு ஒரு பீடி என்று எங்களுக்குள் எழுதாத விதி இருந்தது.

எங்கள் சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணி. நாங்கள் லிங்க் என்போம். ஒரு லிங்க் 7.92 அங்குலம். பத்து லிங்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். ஒரு பல் இருந்தால் பத்து, இரண்டு பல் இருந்தால் இருபது, நடுவில் ஐம்பதுக்கு மட்டும் வட்டம். வரப்பில் சேற்றோடு கிடந்தாலும் விரலால் தடவி எண்ணைச் சொல்லிவிடலாம். இந்த இரும்புக்கு ஒரு கெட்ட பழக்கம், இழுக்க இழுக்க நீளும். வளையங்கள் தேயத் தேய, 66 அடி என்று நாம் நம்புகிற சங்கிலி 66 அடி 2 அங்குலம் ஆகியிருக்கும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் குறையும். அதனால் காலையில் கிளம்புமுன் ஆபீஸ் வளாகத்தில் பதித்திருந்த இரண்டு கற்களுக்கு இடையே அதைப் போட்டுப் பார்ப்போம். பார்க்காமல் கிளம்பிய நாட்களும் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

பத்துச் சங்கிலி 660 அடி, அதாவது 220 கெஜம். அது ஒரு பர்லாங். எட்டுப் பர்லாங் ஒரு மைல். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடாக ஒப்பித்தது. அதை 18 வருடம் அளந்தேன், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஊர்க்காரர்களுக்கோ அது அளவாகவே இல்லை. "ஒரு பர்லாங் இருக்கும் சார்" என்றால் கண்ணுக்கு எட்டுகிறது என்று அர்த்தம். "ரெண்டு பர்லாங்" என்றால் சைக்கிள் இருந்தால் நல்லது. நம்மிடம் ஏற்கெனவே கூப்பிடு தூரம் என்று ஒன்று இருந்தது. நாலு கூப்பிடு சேர்ந்தால் ஒரு காதம் என்று பழைய கணக்குச் சொல்லும். கூப்பிட்டால் காது கேட்கிற தொலைவு. அந்த இடத்தில்தான் இந்த இங்கிலீஷ் சொல் வந்து உட்கார்ந்திருந்தது.

1994-ல் ஒரு பாட்டி அதை எழுப்பிவிட்டார்.

டெல்டாவில் ஒரு கிராமம். ரோட்டுக்குக் கிழக்கே வாய்க்கால் வரை நிலம். பங்காளிகள் இரண்டு வீட்டார், வடபுறம் ஒருவர், தென்புறம் அந்தப் பாட்டி. ஊரே அவரை அப்பாயி என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். உட்பிரிவு செய்து கொடுக்கச் சொல்லி மனு. கையில் இருந்தது 1931-ம் வருடத்துக் கிரயப் பத்திரம். எல்லை விவரம் ஒரே வரி: ஏழு மைல் மூன்று பர்லாங் கல்லிலிருந்து நேர் கிழக்கே வாய்க்கால் வரை கோடு, அதற்குத் தெற்கே உள்ளது. எழுதியவர் நல்ல பத்திர எழுத்தர். அன்றைக்கு அதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. ரோட்டில் நட்டு, நம்பர் வெட்டி, அரசாங்கம் வெள்ளையடித்து வைத்த கல். இதைவிட நிலையான அடையாளம் எது?

அந்தக் கல் இல்லை.

இந்தியாவில் மெட்ரிக் சட்டம் வந்தது 1956-ல். அதற்குப் பிறகு மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாயின, ரோடுகள் அகலமாயின, பர்லாங் கற்கள் பிடுங்கப்பட்டன. வடபுறத்துக்காரர் சொன்னார்: "இதோ நிக்குதே 12-வது கிலோமீட்டர் கல்லு, அதைப் பழைய கல் இருந்த எடத்துலதான் நட்டாங்க." ஏழு மைல் மூன்று பர்லாங்கை மீட்டரில் மாற்றினால் 11 கிலோமீட்டர் 869 மீட்டர். 12-வது கல்லுக்கு 131 மீட்டர் வடக்கே வர வேண்டும். அந்த 131 மீட்டருக்குள்தான் அப்பாயியின் பம்புசெட் இருந்தது. ஆனால் பேப்பரில் கழித்துப் பார்த்த இந்தக் கணக்கை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது. ரோட்டின் வளைவுகளை இடையில் நிமிர்த்தியிருந்தார்கள். பூஜ்யம் தொடங்குகிற இடமும் மாறியிருக்கலாம்.

வரப்போரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாயி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பர்லாங்கு பர்லாங்குன்னு காலையிலேருந்து பேசுறீங்களே தம்பி, அப்படின்னா என்ன?"

"660 அடி, அப்பாயி."

"அது என்ன 660? 600-ன்னு வச்சிருந்தா கணக்குச் சுலுவா இருக்குமே."

பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் வயதும் எனக்கு அப்போது இல்லை. அது இங்கிலீஷ்க்காரன் வைத்தது, 'ஃபார்' என்றால் தூரம், 'லாங்' என்றால் நீளம், இரண்டும் சேர்ந்து பர்லாங் என்று தைரியமாக விளக்கினேன். அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

அப்பாயி தலையாட்டவில்லை. "தூரமும் நீளமும் ஒண்ணுதானே தம்பி. அதை ஏன் ரெண்டு வாட்டி சொல்றான்?"

மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

கல்லைத் தேடிய கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நம்பர் வெட்டிய ஒரு பழைய சிறு பாலம் அந்த இடத்துக்கு வடக்கே மிச்சம் இருந்தது. இங்கிலீஷில் கல்வெர்ட் என்பதை நம் ஜனங்கள் கல்வெட்டு ஆக்கிக்கொண்டார்கள். கல்லில் நம்பர் வெட்டியிருப்பதால் அது பொருந்தவும் செய்கிறது. ரோட்டு இலாகாவின் பழைய வரைபட நகல் ஒன்று கிடைத்தது. அதில் அந்தக் கல்வெட்டிலிருந்து பர்லாங் கல்லுக்கு 235 என்று போட்டிருந்தது. அலகு போடவில்லை. எனக்கு அது தேவையாகவும் படவில்லை. சர்வேயர் கண்ணுக்கு வெறும் எண் என்றால் லிங்க்தான். 235 லிங்க், 47 மீட்டரும் கொஞ்சமும். டேப்பைப் போட்டு, குறி வைத்து, தோண்டச் சொன்னேன். மூன்றடி தோண்டினார்கள். ஜல்லியும் சைக்கிள் டயர் ஒன்றும் கிடைத்தன. வடபுறத்துக்காரர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

காப்பாற்றியது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ரோட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "சார், அது எங்க ஆளுங்க போட்ட பிளான். உங்க சங்கிலி வேற, எங்க சங்கிலி வேற. எங்களுது நூறடி."

வருவாய்த் துறையின் சங்கிலி 66 அடி. ரோடும் பாலமும் போடும் இன்ஜினீயர்களின் சங்கிலி 100 அடி. அதில் ஒரு கண்ணி ஒரு அடி. இரண்டும் இந்த மண்ணில் கூடவே புழங்கியவை. 1802-ல் பரங்கிமலைக்குத் தெற்கே ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினாரே லாம்ப்டன், அவர் போட்டதும் 100 அடி எஃகுச் சங்கிலிதான். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்தது. எனக்கு இதெல்லாம் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தும் 235-ஐ லிங்காகப் படித்தேன். 235 அடி என்றால் 71.6 மீட்டர். அங்கே தோண்டினோம். இரண்டடி ஆழத்தில் உடைந்த கருங்கல் தூர் ஒன்று, நட்டபடியே நின்றது.

மேல்பாதி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாயி வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் துவைக்கிற கல்லாகக் கிடந்ததைப் புரட்டினோம். அடிப்பக்கம் 3 என்ற எண், பாசிக்கு நடுவே. உடைந்த விளிம்பும் தூரும் பொருந்தின. வடபுறத்துக்காரர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். தடிமனான ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தபோது, இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிவந்த 'ஃபார்–லாங்' அங்கேயே விழுந்துவிட்டது. அதில் 'ஃபார்' என்பதே இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'ஃபுர்லாங்' என்ற சொல். 'ஃபுர்ஹ்' என்றால் ஏர் கீறிய சால், 'லாங்' என்றால் நீளம். சால் நீளம். உழவுசாலின் நீளம்! ஜெர்மன் மொழியில் சாலுக்கு இருக்கிற 'ஃபுர்ஹெ'வும் இதற்கு உறவுதான். சங்கிலியை வயலில் இழுத்து இழுத்துக் கை காய்த்துப்போனவன் நான். அந்தச் சொல்லே வயலிலிருந்துதான் வந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இங்கிலாந்தின் பழைய கிராமங்களில் வரப்பில்லாத பெருவயல்கள் உண்டு. அதில் ஒவ்வொரு குடிக்கும் அங்கங்கே நீண்ட கீற்றுகளாக நிலம். ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் கீற்றுகளின் தொகுதிக்கே பர்லாங் என்ற பெயரும் இருந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் இந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. மண் கனமான களி. நம் நாட்டுக் கலப்பை அங்கே கீறாது. கொழு, மண்ணைப் புரட்டும் பலகை எல்லாம் வைத்த பெரிய கலப்பை வேண்டும். அதை இழுக்க எட்டு மாடு வரை பூட்டுவார்கள். 1086-ல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கேட்டில் ஊருக்கு ஊர் எத்தனை ஏர் என்று எண்ணியிருக்கிறார்கள். ஓர் ஏருக்கு எட்டு மாடு என்பதே அதன் கணக்கு. இரண்டிரண்டாக நாலு ஜோடி. இந்த ரயிலைத் திருப்புவது லேசில்லை. அதனால் அடிக்கடி திருப்பாமல், மாடு மூச்சு வாங்கும் வரை நேராக ஓட்டிக்கொண்டே போவார்கள். அந்த நீளம் ஒரு பர்லாங். கலப்பை சாலின் முனையை எட்டுமுன்பே திருப்பத்துக்குத் தோதாக மாடுகளை ஒதுக்கிக்கொள்வதால் சால்கள் நேர்கோடாக இல்லாமல் லேசாக நெளிந்திருக்கும். பல நூறு ஆண்டு கழித்தும் அந்த நெளிவு அங்கே மேய்ச்சல் நிலங்களில் அலை அலையாகத் தெரிகிறது.

ஒரு பர்லாங் நீளம், ஒரு சங்கிலி அகலம். அந்தக் கீற்று ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஒரு நாளில் உழுது முடிக்கிற நிலம் என்று சொல்வார்கள். ஏக்கர் என்ற சொல்லுக்கும் வயல் என்றுதான் பொருள். இதில் சங்கிலி பிற்பாடு வந்தது. முதலில் இருந்தது கோல். பதினாறரை அடிக் கோல். நாற்பது கோல் ஒரு பர்லாங், நாலு கோல் ஏக்கரின் அகலம். நம் தஞ்சாவூரிலும் கோல்தான், ஆனால் பன்னிரண்டு அடி. ஒரு கோல் சதுரம் ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இரட்டை மாடு பூட்டிய ஏரை எந்த மூலையிலும் திருப்பலாம், குறுக்கேயும் ஓட்டலாம். நமக்கு நீளக் கீற்று தேவைப்படவில்லை. நம் அளவு சதுரமாக வந்ததற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். இது வயலில் நின்றவன் நினைப்பு, ஆராய்ச்சி அல்ல.

1620-ல் எட்மண்ட் குண்டர் என்ற பாதிரியார், லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானவியல் பேராசிரியர், நாலு கோல் அகலத்தை நூறு கண்ணிச் சங்கிலியாக்கினார். மகா கெட்டிக்கார வேலை. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். லிங்கில் அளந்து பெருக்கினால் ஒரு லட்சம் சதுர லிங்க் ஒரு ஏக்கர். வலப்பக்கம் ஐந்து இலக்கத்தைத் தள்ளிப் புள்ளி வைத்தால் ஏக்கர் வந்துவிடும். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் வரப்பில் நின்று கணக்குச் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? இன்று மனை வாங்குகிற எல்லோரும் சென்ட்டுக்கு 435.6 சதுர அடி என்று வாய்ப்பாடாகச் சொல்கிறார்கள். அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 660-ஐ 66-ஆல் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். அதே சென்ட் ஆயிரம் சதுர லிங்க், புள்ளியும் இல்லை ஒன்றும் இல்லை. எட்டு மாடு பூட்டிய சால்தான் நம் ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம் என்பதும் ஒரு சங்கிலிதான்.

மைல் விவகாரம் இதைவிட எனக்குப் பிடித்தது. ரோமானியர்களின் மைல் ஆயிரம் இரட்டை எட்டு, அவர்கள் அடியில் 5,000. அதில் எட்டில் ஒரு பங்கு அவர்களுடைய ஸ்டேடியம். ஆங்கிலேயர் அந்த ஸ்டேடியத்துக்கு ஈடாகத் தங்கள் பர்லாங்கைச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் எட்டுப் பர்லாங்கைக் கூட்டினால் 5,280 அடி வருகிறது. எதையாவது ஒன்றை வளைத்தாக வேண்டும். 1593-ல் முதலாம் எலிசபெத் ராணி காலத்துச் சட்டம் ஒன்று மைலை எட்டுப் பர்லாங் என்று நிறுத்தியது. அது அளவைச் சட்டம்கூட இல்லை. லண்டனைச் சுற்றி மூன்று மைலுக்குள் புதுக் கட்டடம் கூடாது என்ற சட்டம். மைல் என்றால் எவ்வளவு என்று போகிற போக்கில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் மைலைத்தான் நீட்டினார்கள், பர்லாங்கைத் தொடவில்லை. இதற்கு எந்தச் சரித்திரப் பேராசிரியரும் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பர்லாங்கில் கை வைத்தால் ஊரில் உள்ள ஏக்கர் எல்லாம் மாறும், பத்திரம் எல்லாம் மாறும், கட்சிக்காரர்கள் கம்போடு வருவார்கள். மைலுக்குப் பட்டாதாரர் கிடையாது.

பர்லாங் இன்று இங்கிலாந்திலும் பழஞ்சொல்தான். குதிரைப் பந்தயத்தில் மட்டும் ஓடுகிறது. நம் ரோட்டில் அது செத்தும் முழுதாகச் சாகவில்லை. கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். ஒரு பர்லாங் 201.168 மீட்டர். மெட்ரிக்குக்கு நூறு மீட்டர் கல்லோ இருநூற்றைம்பது மீட்டர் கல்லோ இன்னும் ஒழுங்காகப் பொருந்தியிருக்கும். பர்லாங் கல் நட்டுப் பழகிய கைக்கு அந்த இடைவெளி விட்டுப்போகவில்லை என்பது என் சந்தேகம்.

உட்பிரிவு நகலைக் கொடுக்க நாலைந்து மாதம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். நாற்று நடவு முடிந்திருந்தது. துவைக்கிற கல் பழைய இடத்திலேயே, 3 என்ற எண் மறுபடியும் அடிப்பக்கம்.

"அப்பாயி, அன்னிக்குக் கேட்டீங்களே, பர்லாங்னா என்னன்னு. நான் சொன்னது தப்பு. சால் நீளம்னு அர்த்தம்."

"அப்படிச் சொல்லுங்க. சால்தானே, தூரமா வந்துச்சு!"

600 அடி விஷயத்தையும் சொன்னேன். அளவைகளின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது இது: ஆதியில் பர்லாங் 600 அடிதான். அந்தக் காலத்து அடி நீளமானது. 1300 வாக்கில் அரசாங்கம் அடியைக் குட்டையாக்கியது, பத்து பழைய அடி பதினொரு புது அடியானது. நிலத்தை அளக்கும் கோலையும் பர்லாங்கையும் மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால் அதே சால் புது அடியில் 660 ஆகிவிட்டது. பதினைந்து அடிக் கோல் பதினாறரை ஆனதும் இப்படித்தான்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார் அப்பாயி, ஆச்சரியமே இல்லாமல். பிறகு, "எத்தனை மாடு பூட்டுவான்?"

"எட்டு."

"எட்டா! எங்க திருப்புவான்? அதுக்குத்தான் அம்புட்டு நீளமா?"

நான் மூன்று புத்தகம் புரட்டித் தெரிந்துகொண்டது அது. சால் முடிகிற இடத்தில் திருப்புவதற்கென்றே குறுக்காக ஒரு கீற்று விட்டிருப்பார்கள் என்றேன்.

"அது யார் பேர்ல இருக்கும்?"

"அதுவும் ஒருத்தன் நிலந்தான், அப்பாயி. மத்தவங்க மாடெல்லாம் அதுல மிதிச்சுத் திரும்பும். எல்லாரும் உழுது முடிச்ச பிறகு கடைசியாத்தான் அவன் உழ முடியும்."

அப்பாயி கொஞ்ச நேரம் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் தம்பி" என்றார். "அவன் நாத்து முத்திப்போயிருக்கும்."